கோபாலனுக்குத் தெரியாது

டெல்டாவின் துப்பறிவாளர்கள் – 4

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பேராவூரணியில் சாய்ந்த தென்னைகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அன்றிரவு எங்கள் பெரியப்பா வீட்டில் ஓடு பறந்து, பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளும் மழை இறங்கியது. உள்ளே ஒரு பைண்டு வால்யூம். ஆனந்த விகடனில் வந்த ‘துப்பறியும் சாம்பு’ கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பட்டுக்கோட்டையில் கொடுத்துத் தைத்து வாங்கியது. பெரியப்பாவின் அப்பா செய்த வேலை. நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கொப்பரை காயப்போடும் களத்தில் பாயை விரித்து, பெரியம்மா ஒவ்வொரு தாளாக விரல் நுனியால் பிரித்துக் காயவைத்தார். இன்றும் எல்லாப் பக்கத்திலும் கால்வாசி உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. தண்ணீர் நின்ற அளவு அது.

அதை முதல் கதையிலிருந்து வரிசையாகப் படிக்க இந்த வருஷ ஐப்பசி மழையில்தான் உட்கார்ந்தேன். எழுத்து அழிந்துபோன இடங்களுக்கு அலயன்ஸ் பதிப்பு கைகொடுத்தது. அதுவரை எனக்குத் தெரிந்த சாம்பு, டிவியில் காத்தாடி ராமமூர்த்தி நடித்த சாம்புவும் கோபுலு வரைந்த சித்திரத் தொடரின் சாம்புவும்தான். மூலக் கதைகளுக்குப் படம் போட்டவர் ராஜு என்பதே அந்த வால்யூமைப் புரட்டும்போதுதான் தெரிந்தது.

போன வாரம் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரைப் பார்த்தோம். வேஷம், சாதுரியம், எதிரியின் மனசைப் படிக்கும் கண் எல்லாம் கொண்டவர் அவர். அவரைப் படித்த கையோடு சாம்புவிடம் வந்தால் திகைப்பாக இருக்கிறது. பேங்க் குமாஸ்தா, முட்டாள் என்று பெயர் வாங்கியவன். தப்பான ஆளைச் சந்தேகிப்பான், தப்பான இடத்தில் போய் நிற்பான், விடை அங்கேயே வந்து மாட்டும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை அபார மூளையென்று கொண்டாடுவார்.

இதை எழுதிய தேவன் திருவிடைமருதூரில் 1913-ல் பிறந்த மகாதேவன். கல்கி விலகிப்போன பிறகு விகடனைத் தாங்கியவர்களில் முக்கியமானவர். 1942-ல் சாம்பு வரத் தொடங்கினான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன வருஷம் அது. உலகம் கொண்டாடும் அசட்டுத் துப்பறிவாளர் இன்ஸ்பெக்டர் க்ளூஸோ திரைக்கு வந்தது 1963-ல். நம் திருவிடைமருதூர்க்காரர் இருபத்தோரு வருஷம் முந்திக்கொண்டார். இதை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றிரண்டு கதைகளை உதிரியாகப் படித்தால் சாம்பு வெறும் சிரிப்பு. வரிசையாகப் படிக்கும்போதுதான் மனசு கனக்கிறது. ஊரே ஏளனம் செய்த ஒருவனுக்கு மரியாதை கிடைக்கிறது, வேம்பு மனைவியாக வருகிறாள், சுந்து பிறக்கிறான். அத்தனையும் ஒரு தவறான நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஒரே ஒரு கதையில் குட்டு உடைந்தாலும் எல்லாம் சரிந்துவிடும். நானும் பத்துக் கதை தாண்டியதும் திருடன் யார் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். இந்தத் தடவையும் சாம்பு தப்பிப்பானா என்பதுதான் எனக்கு மர்மம். ஷெர்லக் ஹோம்ஸ் வாசகருக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருப்பார், கடைசியில் சொல்வார். இங்கே உண்மை முதல் பக்கத்திலிருந்தே வாசகர் கையில் இருக்கிறது. அந்த ரகசியத்தை நம்மை நம்பிக் கொடுத்த தேவனின் பரிவு தமிழில் வேறு எந்தத் துப்பறியும் தொடரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் 1957-ல் போய்ச் சேர்ந்தபோது வயது நாற்பத்து மூன்றுதான்.

பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் சில கதைகளைத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். வெளியே தூறல், உரித்த மட்டைகள் ஊறிக் கிடந்த வாடை. கோபாலன் வந்து சாம்புவின் கையைப் பிடித்துக் குலுக்கும் இடம் வந்தது. பெரியப்பா என் முழங்காலில் கை வைத்து நிறுத்தினார். எதிரே தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மெதுவாப் படிடா தம்பி. கோபாலன் காதுல விழுந்துடப்போவுது.”