கறுப்புக் காய்களுக்கு ஓர் அரண்

சதுரங்கப் பலகையின் முன் அமரும் மாணவர் பலருக்குக் கறுப்புக் காய்கள் வாய்த்தவுடன் மனம் தளர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். முதல் நகர்வு வெள்ளைக்கே உரியது. கறுப்போ மறுமொழி கூறும் நிலையில் நிற்பது. வெள்ளை தன் ஆட்டத்தை 20 வகையாகத் தொடங்கலாம். அவை அனைத்திற்கும் தனித்தனி விடையை மனனஞ் செய்ய வேண்டுமோ என மலைப்பவரும் உளர். வேண்டியதில்லை. ஒன்றோடொன்று உறவுடைய இரண்டொரு தற்காப்புகளைத் தேர்ந்து, அவற்றின் காரணங்களை உணர்ந்துகொள்வதே அறிவுடைமையாகும்.

வெள்ளை தன் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் செலுத்துகின்றது என்க. கறுப்பு, தன் அரசிக்கு அருகே நிற்கும் மந்திரியின் காலாளை ஒரு கட்டம் நகர்த்தலாம். அடுத்த முறை அரசியின் காலாள் இரு கட்டம் சென்று வெள்ளைக் காலாளை எதிர்க்கும். வெள்ளை அதனை வெட்டினால், முன்னரே துணை நின்ற காலாள் பதிலுக்கு வெட்டி அவ்விடத்தில் நிலைபெறும். பலகையின் நடுவிடம் பறிபோகாது. காரோ, கான் என்னும் இருவர் 1886இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டமையால், காரோ–கான் தற்காப்பு என்பது இதன் பெயராயிற்று. பிரெஞ்சுத் தற்காப்பிலோ அரசனின் காலாள் ஒரு கட்டம் நகர்ந்து, அரசியின் பக்கத்து மந்திரிக்கு வழியடைத்து விடுகின்றது. காரோ–கான் அவ்வழியைத் திறந்தே வைக்கின்றது.

வெள்ளை அரசியின் காலாளைக் கொண்டு தொடங்கினால் யாது செய்வது? கறுப்பும் அதற்கெதிரே அரசியின் காலாளை நிறுத்தலாம். வெள்ளை மந்திரிக் காலாளால் அதனைத் தாக்கும்போது, நாம் முன்னர்க் கூறிய அதே காலாளை ஒரு கட்டம் நகர்த்தித் துணையாக்கலாம். இது ஸ்லாவ் தற்காப்பு. இரண்டிற்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

தேர்ந்தவற்றை ஒரு தோல்வியால் கைவிடலாகாது. 1960இல் மாஸ்கோவில் உலகப் பட்டத்தைப் பாதுகாக்க ஆடிய பொத்வின்னிக், 23 வயது இளைஞரான தாலிடம் 12½–8½ என்ற கணக்கில் தோற்றார். அப்போட்டியின் 17ஆவது ஆட்டத்தில் அவரைக் கைவிட்டது காரோ–கான் தற்காப்பே. எனினும் அவர் அதனை எறிந்துவிடவில்லை. குறைகளை ஆராய்ந்து, 1961இல் நடந்த மறுபோட்டியிலும் அதனையே கைக்கொண்டார். தால் அக்காலத்தில் உடல்நலம் குன்றியிருந்தார் என்பதும் மெய்யே. ஆயினும் 49 வயதில் 13–8 எனப் பட்டத்தை மீட்டது பொத்வின்னிக்கின் உழைப்பன்றோ?

மாணவர்கள் கறுப்பில் தோற்ற ஆட்டங்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. எந்த நகர்வில் முதலில் மனம் குழம்பிற்று என்பதைக் குறித்து, அதற்குரிய காரணத்தைத் தேடுக. பிறர் புத்தகத்தில் இருந்த தற்காப்பு, அவ்வாறு தேடத் தேடவே நமக்குச் சொந்தமாகின்றது. அதன்பின் கறுப்புக் காய்களைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.