வீட்டுக்கு ஒரு கோப்புப் பெட்டகம்

ஊரை விட்டுப் பெங்களூருக்குக் குடிவந்த நம்மவர் தம்முடன் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவருவது முன்னாள் வழக்கம். நிலப் பத்திரம், ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் புகைப்படம், தந்தையார் கைப்பட எழுதிய கடிதங்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கும். சாவி பாட்டியாரின் முந்தானையில் இருக்கும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பழைய வீடுகளில் அத்தகைய பெட்டியை இன்றும் காணலாம். ஆனால் அதனுள் இருக்கவேண்டிய பொருள்களிற் பெரும்பகுதி இந்நாளில் கைப்பேசிகளுக்குள்ளும் மடிக்கணினிக்குள்ளும் சிதறிக் கிடக்கிறது. சாவி எவரிடம் உள்ளது என்று கேட்டால் வீட்டாரால் விடை கூற முடிவதில்லை.

கூகுள் நிறுவனம் சற்றே அளவு குறைத்த படங்களைக் கணக்கின்றி இலவசமாக வைத்துக்கொள்ள இடமளித்து வந்தது. 2021 ஜூன் 1 முதல் அச்சலுகை நின்றது. புதிதாக ஏற்றும் படங்கள் 15 ஜி.பி. என்னும் வரம்புக்குள் எண்ணப்படலாயின. அதுமுதல் சொந்த வீட்டிலேயே ஒரு கோப்புச் சர்வர் வைத்துக்கொள்ளலாமா என வினவும் அன்பர் பலர். சர்வர் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டா. குடும்பத்தார் அனைவரும் தத்தம் கருவியிலிருந்து கோப்புகளை இடவும் எடுக்கவும் இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு சிறு கணினி, அவ்வளவே. கடைக்காரர் 'நாஸ்' என்பது இதனையே.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் பொறியில் 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அவ்வளவு இடத்தைக் கேட்கிறது! எனவே எவ்வளவு இடம் தேவை என்பதை வீட்டிலுள்ள கருவிகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்து, அதனை இரட்டித்து முடிவு செய்க.

டவுன் ஹாலுக்கு அருகே எஸ்.பி. ரோடு என வழங்கும் சாதர் பத்ரப்பா சாலையில் கணினிச் சாமான்கள் யாவும் கிடைக்கும். அங்குச் செல்லுமுன் நாம் தேர்ந்துகொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. தைவான் நாட்டு சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் செய்யும் ஆயத்தப் பெட்டியை வாங்குவதா, அன்றி வீட்டில் ஓய்ந்து கிடக்கும் பழைய கணினிக்கு மறுவாழ்வு தருவதா? பழையதற்கு விலை இல்லை; ஆயினும் மின்கட்டணம் உண்டு. 75 வாட் கொள்ளும் பழைய கணினி ஓயாது ஓடினால் மாதம் 54 யூனிட் ஆகும். 25 வாட் அளவில் ஓடும் சிறு பெட்டிக்கு 18 யூனிட் போதும். வீட்டில் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட விரும்பும் இளைஞர் எவரேனும் இருப்பின் பழைய கணினியே நன்று. இல்லையேல் ஆயத்தப் பெட்டியே நலம் என்பது நம் கருத்து. ஒரு சிறு யு.பி.எஸ். இன்றியமையாதது. சிவசமுத்திரத்து நீர்மின்சாரத்தால் 1905இலேயே ஒளிபெற்ற நகரம் இது. எனினும் கோடை மழையின் முதல் இடியோடு விளக்கு அணைவதை நாம் அறியாதவரல்லோம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்பு சிதையும்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் டிஸ்கே. சில டிஸ்குகளில், ஓடு வேய்வது போலத் தடத்தின்மேல் தடம் சிறிது படியுமாறு எழுதுவர். எஸ்.எம்.ஆர். எனப்படும் இம்முறையில் இடம் மிகும். ஆனால் திருத்தி எழுதுகையில் வேகம் தளரும். பல டிஸ்குகள் கூடி இயங்கும் பெட்டிகளுக்கு இது ஒவ்வாது. அத்தகைய பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் 'ரெட்' வகையிற் சிலவற்றில் இம்முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது 2020இல் வெளிப்பட்டது. எனவே 'சி.எம்.ஆர்.' வகையா எனக் கேட்டு வாங்குக. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்குகள், ஓடிய கணக்கு அழிக்கப்பட்டுப் புதியனவாக விற்கப்பட்ட செய்தி ஜெர்மனியிலிருந்து வந்தது. ரசீது பெறுக, டிஸ்கின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா என்று கடையிலேயே பார்த்துவிடுக.

மென்பொருள் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. ஆயத்தப் பெட்டியில் அது உடன் வரும். பழைய கணினிக்கு 'ஓபன்மீடியாவால்ட்' எளிது, விலையும் இல்லை. எட்டு ஜி.பி. நினைவகமேனும் உடைய கணினியாயின் 'ட்ரூநாஸ்' இடலாம். இஃது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்னும் முறையின்மேல் நிற்பது. எழுதிய ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்து, படிக்கும்போது ஒப்புநோக்கி, பழுது இருப்பின் மற்றொரு டிஸ்கிலுள்ள படியைக் கொண்டு திருத்திவிடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது போன்றதே இது. கைப்பேசிப் படங்களைத் தானே இழுத்துச் சேர்க்க 'இம்மிச்' என்னும் இலவச மென்பொருள் உண்டு.

இனி, பலரும் தவறாக எண்ணும் ஒன்றைக் கூறவேண்டும். இரண்டு டிஸ்குகளில் ஒரே செய்தியை எழுதும் 'ரெய்டு' முறை உண்டு. அதனை விளக்கிய புகழ்பெற்ற கட்டுரை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்திலிருந்து 1988இல் வெளிவந்தது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது தாங்கும், உண்மையே. ஆனால் குழந்தை கைதவறி அழித்த படம் அக்கணமே இரண்டிலும் அழியும். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்னும் தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளுள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அங்கே இரண்டு டிஸ்க் இருந்தும் பயன் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது தரைத்தளத்தில் எத்தனை டிஸ்க் இருந்தால் என்ன? ஆகவே பெட்டியை இணையத்திற்கு நேரே திறந்து விடற்க; வெளியிலிருந்து அணுக 'வயர்கார்டு' போன்ற பூட்டிய வழியைக் கைக்கொள்க. எல்லாவற்றினும் முதன்மையாக, வேறோர் ஊரில் மற்றொரு பிரதி வேண்டும்.

குடிபெயர்ந்தோராகிய நமக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தோர் பலருக்கு இரண்டாம் பிரதியை வைக்க வேறு இடம் இல்லை. நமக்கோ சொந்த ஊரில் ஒரு வீடும் அதில் ஒரு பீரோவும் இருக்கின்றன. இரண்டு டெராபைட் கோப்புகளை, நொடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அனுப்பினால் நான்கு நாள் அளவு பிடிக்கும். மடிவாளாவில் இரவு பஸ் ஏறினாலோ விடியலில் மதுரை. கைப்பையில் உள்ள டிஸ்க் இணையத்தை வென்றுவிடும்! வெளியில் இணைக்கும் டிஸ்குகள் இரண்டு வாங்குக. ஒன்று இங்கே மாதந்தோறும் படியெடுக்கவும், மற்றொன்று ஊரில் பீரோவிலும் இருக்கட்டும். ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிவருக. டிஸ்க் கைமாறிப் போனாலும் பிறர் படிக்க இயலாதவாறு கடவுச்சொல் இட்டுப் பூட்டுக.

அக்கடவுச்சொல்லைச் சர்வர் அமைத்த பிள்ளை மட்டும் மனத்தில் வைத்திருத்தல் ஆகாது. அவன் அயல்நாடு சென்றால் அத்தனையும் இரும்புத்துண்டே. இங்கும் ஊரிலும் ஒவ்வொரு நோட்டில், தமிழில், எதை எங்கே இணைத்து எப்படித் திறப்பது என்பதை வீட்டுப் பெரியவர் படித்துச் செய்யத்தக்கவாறு எழுதி, பத்திரங்களோடு வைத்துவிடுக. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கடிதங்கள் இருப்பின், அவ்வெழுத்துரு உள்ள கணினி உயிரோடு இருக்கும்போதே பி.டி.எஃப். ஆக்கிவிடுக.

பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்கள் முதல் டிஸ்கை அப்போதே கொண்டு செல்லலாம். பீரோவில் வைக்குமுன் பத்துப் படங்களையேனும் திறந்து பார்த்துவிடுக. அங்கேயுள்ள டிரங்குப் பெட்டியையும் இறக்கி, பழைய படங்களைக் கைப்பேசியில் பிடித்து, நிற்பவர் இன்னார், அமர்ந்திருப்பவர் இன்னார் என்பதை அத்தையரிடமும் சித்தப்பாமாரிடமும் கேட்டுக் கோப்பின் பெயராகவே எழுதிக்கொண்டு திரும்புக.