மீன் செதிலில் மின்சாரம்



கேளம்பாக்கம் உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் பக்கம் போனால், மீன் ஆய்ந்து கொடுப்பவர்களின் காலடியில் செதில் குவிந்து கிடக்கும். நமக்கு அது குப்பை. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தீபாங்கர் மண்டலுக்கும் சுஜய் குமார் கோஷுக்கும் அது மின்சாரம்!

செதிலிலுள்ள கனிமத்தைக் கரைத்து நீக்கினால், கண்ணாடிபோல் மெல்லிய ஏடு மிஞ்சும். அதில் நிறைந்திருப்பவை கொலாஜன் என்னும் நுண்ணிய புரத இழைகள். அந்த ஏட்டை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும். 2016-இல் இதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். அடுப்புப் பற்றவைக்க 'டக்'கென்று அமுக்குகிறோமே, அந்த கேஸ் லைட்டரின் தத்துவமும் இதுதான். கியூரி சகோதரர்கள் 1880-இலேயே கண்டுபிடித்தது.

சரி, இதனால் யாருக்கு லாபம்? இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்களைக் கேளுங்கள். சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்துவிடும்; மறுபடியும் அறுவைசிகிச்சை. துடிக்கிற இதயமே அந்தக் கருவிக்கு மின்சாரம் தந்துவிட்டால்?

அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சோங் லின் வாங் 2006-இல் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளை வளைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். 2019-இல் சீன ஆய்வாளர்கள், இதயத்துடிப்பிலேயே இயங்கும் பேஸ்மேக்கரைப் பன்றிகளிடம் சோதித்து, தாளம் தவறிய துடிப்பைச் சீராக்கினார்கள்.

மனிதருக்கு என்றால் சும்மாவா? உடலின் உப்பு ஈரத்தில், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தும், ஆண்டுக்கணக்கில் கிழியாமல் உழைக்க வேண்டுமே அந்தச் செதில் ஏடு!