ஆஸ்திரேலிய நிலவனப்பும் நிழற்படக் கலையும்

இயற்கை வனப்பு உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான செல்வமாகும். ஆயினும், கண் பெற்றோர் எல்லோரும் அச்செல்வத்தை ஒருபடித்தாகத் துய்ப்பதில்லை. பயணம் செய்வார் ஒருவர் ஒரு மலையைக் கண்டதும் நிழற்படக் கருவியை எடுக்கிறார், விசையை அழுத்துகிறார், உடனே வண்டியில் ஏறிவிடுகிறார். மற்றொருவர் அம்மலையின் எதிரே நெடுநேரம் அமர்கிறார். ஒளி மாறுவதையும் நிழல் நீளுவதையும் நோக்குகிறார். அதன் பின்னரே படம் எடுக்கிறார். இவ்விருவருள் மலையைக் கண்டவர் யார்? பொறுமையுடன் காணப் பழகியவர்க்கே நிழற்படக் கலை கைவரும். அப்பழக்கத்தைப் பயில்வதற்கு ஏற்ற நிலப்பரப்புகளுள் ஒன்று ஆஸ்திரேலியக் கண்டம்.

அக்கண்டம் ஏறத்தாழ 77 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அது நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே அமைந்திருத்தலின், அங்கே டிசம்பர்த் திங்கள் கோடையாகவும், ஜூலைத் திங்கள் குளிர்காலமாகவும் விளங்கும். கோடையில் நடுப்பாலையின் வெப்பம் 40 பாகையையும் கடத்தல் உண்டு. ஆதலால், அப்பகுதிக்குச் செல்வோர் மே முதல் செப்டம்பர் வரையுள்ள திங்கள்களைத் தேர்ந்தெடுத்தல் நலம். கண்டத்தின் பெரும்பகுதியில் நண்பகல் ஞாயிறு வடதிசையில் தோன்றும். அதனால் பாறைகளின் தென்முகம் நிழலில் ஆழ்ந்திருக்கும். ஒளி வரும் திசையை முன்னரே அறிந்துகொள்ளுதல் படம் எடுப்பார்க்கு முதற்கடமையாகும்.

ஆஸ்திரேலியாவின் நடுவே, சமவெளியினின்று திடீரென எழுந்து நிற்பது உலூரு என்னும் மாபெரும் பாறை. அதன் உயரம் 348 மீட்டர். அதன் சுற்றளவு ஏறத்தாழ 9.4 கிலோமீட்டர். அது மணற்பாறையால் ஆயது. அப்பாறையின் இயல்பான நிறம் சாம்பல் நிறமே. அதிலுள்ள இரும்புச் சத்து காற்றும் நீரும் பட்டுத் துருவேறியமையால் மேற்புறம் செந்நிறம் பெற்றது. காலையிலும் மாலையிலும் அது தழலெனச் சுடர்தற்குக் காரணம் யாது? ஞாயிறு அடிவானத்தை ஒட்டி நிற்கும்பொழுது அதன் கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகின்றன. வழியில் நீல ஒளி சிதறிவிட, செவ்வொளியே மிகுதியாக வந்து சேர்கின்றது. செந்நிறப் பாறைமேல் செவ்வொளி படியும்பொழுது அவ்வியத்தகு காட்சி தோன்றுகின்றது.

இக்காட்சியைப் படம் எடுக்க விழைவோர் ஞாயிறு மறைவதற்கு நெடுநேரம் முன்னரே வந்து, கருவியை முக்காலியின்மேல் பொருத்திக்கொள்ளுதல் வேண்டும். ஒளி குறையக் குறையக் கருவியின் கண் நீண்ட நேரம் திறந்திருத்தல் வேண்டும். அப்பொழுது கை சிறிது நடுங்கினும் படம் கலங்கிவிடும். ஞாயிறு மறைந்ததும் எழுந்து செல்லுதலும் கூடாது. வானில் வண்ணங்கள் அதன் பின்னரும் சிறிது நேரம் நிலைத்திருக்கும்.

உலூருவில் கற்கத்தக்க பாடம் வேறொன்றும் உண்டு. அப்பாறை அனங்கு என்னும் தொல்குடி மக்களின் புனித இடமாகும். 1985ஆம் ஆண்டில் அந்நிலத்தின் உரிமை அவர்களிடமே மீண்டும் அளிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் முதல் பாறைமீது ஏறுதல் அறவே நிறுத்தப்பட்டது. பாறையின் சில பகுதிகளைப் படம் எடுக்க வேண்டா எனவும் அம்மக்கள் கேட்டுக்கொள்கின்றனர். முன்னோர் வழிவந்த அறிவு பொதிந்த அப்பகுதிகள் அவர்களுக்கு மறைநூல் போன்றவை. அவ்விடங்களில் கருவியை மூடிவைத்தலும் இக்கலையில் அடங்கிய ஒழுக்கமேயாகும்.

இனி, தென்கடற்கரைக்கு வருவோம். விக்டோரியா மாநிலத்தில் பெருங்கடற் சாலை என்னும் நெடுஞ்சாலை உள்ளது. முதல் உலகப் போரினின்று மீண்ட வீரர்கள், போரில் மாண்ட தம் தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை அதனை அமைத்தனர். அச்சாலையின் வழியே செல்வோர் 'பன்னிரு தூதர்கள்' எனப்படும் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் கடலினுள் நிற்பதைக் காணலாம். அவற்றைச் செதுக்கிய சிற்பி கடலே. அலைகள் செங்குத்தான கரையை அரித்து முதலில் குகையாக்குகின்றன. குகை குடைந்து வளைவாகின்றது. வளைவின் மேற்கூரை வீழ்ந்தபின் தூண் தனித்து நிற்கின்றது. முடிவில் அத்தூணும் வீழ்கின்றது. அக்கரையில் 'இலண்டன் பாலம்' என வழங்கிய பாறையின் ஒரு வளைவு 1990ஆம் ஆண்டில் இடிந்து வீழ்ந்தது. அப்பொழுது மறுபுறம் சிக்கிய இருவரை ஹெலிகாப்டர் கொண்டு மீட்டனர். 2005ஆம் ஆண்டில் தூதர்களுள் ஒன்று சில நொடிகளில் சரிந்து கற்குவியலாயிற்று. அதன் பழைய தோற்றத்தை இன்று நாம் படத்தில்தான் காண இயலும்.

இத்தகைய இடத்தில் படம் எடுக்கும்பொழுது, கரையில் நிற்கும் மனிதர் ஒருவரைச் சிற்றுருவாக ஓர் ஓரத்தில் அமையுமாறு செய்தால், பாறையின் பேருருவம் தானே விளங்கும். ஆயின், படத்தின்மேல் வைத்த ஆசையால் வேலியைத் தாண்டிச் செல்லுதல் பேதைமை. தூணை வீழ்த்திய அலை நாம் நிற்கும் கரையையும் அரித்துக்கொண்டே இருக்கின்றது.

ஒரு நிழற்படம் நாட்டிற்கு என்ன பயன் செய்தல் கூடும் என்பதற்கு டாஸ்மேனியத் தீவின் வரலாறு சான்றாகும். அத்தீவின் தென்மேற்கில் பெடர் ஏரி என்னும் அழகிய நீர்நிலை இருந்தது. லிதுவேனியாவினின்று வந்து குடியேறிய ஒலேகாஸ் துருக்கானாஸ் என்பவர் காடும் மலையும் கடந்து அப்பகுதியைப் பல ஆண்டுகள் படம் எடுத்தார். 1967ஆம் ஆண்டில் மூண்ட காட்டுத்தீயில் அவர் வீடும் படங்களும் சாம்பலாயின. அவர் மனந்தளராது மீண்டும் சென்று படம் எடுத்து மக்களுக்குக் காட்டினார். ஆயினும், மின்னாக்கத்திற்காக எழுப்பிய அணைகளால் 1972ஆம் ஆண்டில் அவ்வேரி பெருநீரில் மூழ்கியது. அவ்வாண்டிலேயே, கார்டன் ஆற்றைப் படம் எடுக்கச் சென்ற துருக்கானாஸும் அவ்வாற்றில் வீழ்ந்து உயிர் துறந்தார்.

அவர்தம் வழியில் நின்றவர் பீட்டர் தொம்புரோவ்ஸ்கிஸ். பிராங்கிளின் ஆற்றையும் மூழ்கடிக்கும் அணை ஒன்றைக் கட்டத் திட்டமிட்டபொழுது, காலை மூடுபனியில் அவ்வாறு வளைந்தோடும் காட்சியை அவர் எடுத்த படம் 1983ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது செய்தித்தாள்களில் வெளியாகி, நாடெங்கும் பரவியது. அவ்வாற்றை ஒருநாளும் கண்டிராத மக்களும் அதன்பால் அன்பு கொண்டனர். ஆற்றங்கரையில் அறப்போர் செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னரே கைது செய்யப்பட்டிருந்தனர். தேர்தலில் வென்ற புதிய அரசு அணையைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 1983ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நாட்டின் உயர்நீதிமன்றம், நால்வர்க்கு மூவர் என்னும் அளவில், அத்தடையை நிலைநிறுத்தியது. பலருடைய முயற்சியால் கிட்டிய அவ்வெற்றியில் ஒரு நிழற்படத்திற்கும் பங்கு உண்டு. பிராங்கிளின் ஆறு இன்றும் அணையின்றித் தன் போக்கில் ஓடுகின்றது.

ஓர் ஏரி மூழ்கியது. ஓர் ஆறு பிழைத்தது. இரண்டின் அழகும் படத்தில் நிலைத்தது. மாணவர்களே! நாளை நீங்கள் எந்நாட்டிற்குச் செல்லினும், முதலில் நின்று காணுங்கள். அந்நிலத்தையும் அதன் மக்களையும் அறிந்துகொள்ளுங்கள். அதன் பின்னர்ப் படம் எடுங்கள். அன்புடன் கண்ட ஒன்றைக் காக்கவும் மனம் விழையும். அவ்விருப்பத்தைப் பிறர் உள்ளத்திலும் எழுப்புதலே நல்ல நிழற்படத்தின் பயனாகும்.