அங்குலத்தில் தேயும் ராம்பூர் கத்தி

உத்தரப் பிரதேச மாநிலம் ராம்பூரில், நைனிடால் சாலைச் சந்திப்பில் 20 அடி நீளமுள்ள கத்தி ஒன்று நிறுவப்பட்டுள்ளது. பித்தளையாலும் எஃகாலும் ஆன இச்சின்னம், சுமார் ரூ. 52 லட்சம் செலவில் அமைக்கப்பட்டு 2023 மார்ச் மாதம் திறந்து வைக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய கத்தி என்று விழாவில் பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. அந்த நாற்சந்திக்கே கத்தியின் பெயர் சூட்டப்பட்டது.

அதே ஊரின் கடைவீதியில், அதே கத்தியைக் கையால் செய்து விற்கும் கைவினைஞர், நான்கரை அங்குலத்துக்கு மேல் அலகை நீட்டக் கூடாது. 1990-களில் மாநில அரசு விதித்த தடை அது. அரசு எழுப்பிய சின்னம் 20 அடி. அரசு அனுமதித்த கத்தி நான்கரை அங்குலம். ராம்பூர் கத்தித் தொழிலின் நிலையைச் சொல்ல இந்த இரண்டு அளவுகளே போதும்.

தில்லியிலிருந்து கிழக்கே சுமார் 190 கி.மீ. தொலைவில், முராதாபாதுக்கும் பரேலிக்கும் இடையே உள்ளது ராம்பூர். முதலாவது மக்களவைத் தேர்தலில் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தைத் தேர்ந்தெடுத்த ஊர். 2004, 2009 தேர்தல்களில் நடிகை ஜெயப்பிரதாவை வெற்றி பெறச் செய்த தொகுதி என்ற வகையில் தமிழக வாசகர்களுக்கும் அறிமுகமானது. சுமார் 17,000 கையெழுத்துச் சுவடிகளைக் கொண்ட ரஸா நூலகம், வஸீர் கான் போன்ற மேதைகள் வாழ்ந்த இசை மரபு ஆகியவை இவ்வூருக்குப் புகழ் சேர்த்தவை. எனினும், வட இந்தியாவின் சாமானியருக்கு ராம்பூர் என்றதும் நினைவுக்கு வருவது "ராம்பூரி சாக்கூ" என்ற மடக்குக் கத்திதான்.

வாளிலிருந்து கத்திக்கு...

ரோகில்லா ஆப்கானியரான ஃபைசுல்லா கான் 1774-ல் நிறுவிய சமஸ்தானம் ராம்பூர். போர்க்குடியினரின் ஊரில் ஆயுதக் கொல்லர்கள் இருந்ததில் வியப்பில்லை. துப்பாக்கி பரவி வாளுக்கு மதிப்புக் குறைந்தபோது, அக்கொல்லர்களின் வழிவந்தோர் மடக்குக் கத்திக்கு மாறினர் என்பது ராம்பூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1949-ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பிறகும் தொழில் தொடர்ந்தது.

மரபான ராம்பூர் கத்தியின் அலகு 9 முதல் 12 அங்குலம் வரை நீண்டிருக்கும். ஒருபுறம் மட்டுமே கூர். பிடி பித்தளை, கொம்பு, மரம் ஆகியவற்றால் ஆனது. மீன் வடிவில் செதுக்கப்பட்ட பிடிகளும் உண்டு. பித்தளைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற முராதாபாத் அண்டை மாவட்டம் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இக்கத்தியின் உயிர், பிடியின் முதுகில் மறைந்திருக்கும் எஃகு வில்லில் இருக்கிறது. அலகின் அடிப்பகுதியில் பற்கள் அரத்தால் அராவப்பட்டிருக்கும். அலகைத் திறக்கும்போது ஒவ்வொரு பல்லும் வில்லின் அடியில் ஏறி இறங்க, "கடகட"வென ஓசை எழும். முழுவதும் திறந்ததும் பல், வில்லின் துளையில் சென்று அமர்ந்து பூட்டிக்கொள்ளும். வில்லைத் தூக்கினால் அன்றி அலகு மடங்காது. பல் வைத்தது "கராரிதார்". பொத்தானை அழுத்தித் திறப்பதோ மூடுவதோ "பட்டன்தார்" என்று ஹிந்தியில் வழங்கப்படுகிறது.

திரைப்படம் தந்த கெட்ட பெயர்

ஓசையெழுப்பித் திறக்கும் இக்கத்தியை ஹிந்தித் திரையுலகம் விட்டுவைக்கவில்லை. 1965-ல் யஷ் சோப்ரா இயக்கிய "வக்த்" படத்தில், அடியாளின் கையிலிருந்த மடக்குக் கத்தியை வாங்கி ஏளனத்துடன் நடிகர் ராஜ்குமார் பேசும் வசனம் இன்றும் வடமாநிலங்களில் வழக்கில் உள்ளது. அதன் பின்னர் 1970-களிலும் 1980-களிலும் வில்லனின் அடியாள் என்றாலே கையில் ராம்பூர் கத்தி என்பது எழுதப்படாத விதியானது. பெயர் பரவியது, கூடவே பழியும் பரவியது.

குற்றச் செயல்களில் இக்கத்தி பயன்படவே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அதனால்தான் கட்டுப்பாடுகள் வந்தன. ஆனால், உத்தரப் பிரதேசக் குற்றவாளிகளின் கைக்கு "கட்டா" எனப்படும் நாட்டுத் துப்பாக்கி வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. குற்றவாளி கத்தியைக் கைவிட்டுவிட்டான். கட்டுப்பாடு மட்டும் கைவினைஞருடன் தங்கிவிட்டது.

மூன்று அளவுகோல்கள்

இத்தொழிலின் இன்னொரு சிக்கல், எது ஆயுதம் என்பதற்கு ஒரே அளவுகோல் இல்லை என்பதாகும்.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, அலகின் நீளம் 9 அங்குலத்தையோ அகலம் 2 அங்குலத்தையோ தாண்டினால் அக்கத்தி ஆயுதப் பட்டியலில் சேரும். வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை இதில் அடங்கா. 1962-ம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2016-ல் புதிய விதிகள் வந்தபோதும் இந்த வரம்பு மாறவில்லை.

ராம்பூரிலோ வரம்பு நான்கரை அங்குலம். தில்லிக்கு வந்தால் இதுவும் சுருங்குகிறது. தில்லி நிர்வாகம் 1980 அக்டோபர் 29-ல் வெளியிட்ட அறிவிக்கை, வில்விசையால் இயங்குபவை, கராரிதார், பட்டன்தார் உள்ளிட்ட கத்திகளின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்படுத்துகிறது. 7.62 செ.மீ. என்பது சரியாக 3 அங்குலம்.

ஆக, 9, நான்கரை, 3 என்று மூன்று அளவுகள். ராம்பூரில் சட்டத்துக்கு உள்பட்டுச் செய்யப்பட்ட நான்கரை அங்குலக் கத்தி, ரயிலில் சில மணி நேரம் பயணம் செய்து தில்லிக் கடைக்கு விற்பனைக்கு வந்தால் அறிவிக்கையின் வரம்புக்குள் சிக்கிவிடும். கத்தி மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது.

இந்த அறிவிக்கையின் கீழ் தில்லியில் ஆண்டுதோறும் சாமானியர் பலர் மீது வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. அத்தகைய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உற்பத்தி, விற்பனை, விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருத்தல் ஆகியவற்றையே அறிவிக்கை கட்டுப்படுத்துகிறது. அத்தகைய நோக்கம் எதையும் குற்றப்பத்திரிகை சுட்டிக்காட்டாத நிலையில், பட்டன்தார் கத்தியை வைத்திருந்தார் என்பதற்காக மட்டும் வழக்கை நடத்த முடியாது என்று கூறி, 2025-ல் அவ்வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது. 1980-ல் எழுதப்பட்ட சொற்களின் பொருளை உச்ச நீதிமன்றம் எடுத்துரைக்க 45 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பழையதா, போலியா?

தொழில் தேயத் தேய, பழைய கத்திகளுக்குத் தேவை கூடுகிறது. தில்லியில் ஜாமா மசூதிப் பகுதியின் பழம்பொருள் கடைகளிலும் சுந்தர் நகர் கலைப்பொருள் கடைகளிலும் பழங்காலப் பொருள்களைத் தேடுவோரில் மடக்குக் கத்தி சேகரிப்போரும் உண்டு. அவர்களுக்கு முதற் சவால், கையிலிருப்பது எந்த ஊர்க் கத்தி, எந்தக் காலத்தது என்று அறிவதே.

ஆங்கிலேயர் காலத்தில் இறக்குமதியான ஷெஃபீல்டு கத்திகளை இனங்காண்பது எளிது. அவற்றின் பிறப்புச் சான்று அலகின் அடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் கத்தியில் நட்சத்திரமும் சிலுவையும் முத்திரையாக இருக்கும். கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் 1901-ல் மறைந்த விக்டோரியா அரசியின் காலத்தது. ஜி, ஆர் என்றிருந்தால் ஜார்ஜ் மன்னர்களின் காலத்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் இயற்றிய பிறகே, "இங்கிலாந்து" என்ற சொல்லைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. எனவே, அச்சொல் உள்ள கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

ராம்பூர் கத்திக்கு இத்தகைய சான்றுகள் குறைவு. சிலவற்றில் கடைப் பெயரோ ஊர்ப் பெயரோ இருக்கும். பெரும்பாலானவற்றில் ஆண்டு இராது. "ராம்பூர்" என்ற முத்திரையை எந்த ஊர்ப் பட்டறையும் பொறித்துவிடலாம் என்பதால், முத்திரையை மட்டும் நம்புவதற்கில்லை. கண்ணும் காதும் விரலும்தான் சான்று.

பழைய அலகு கரி எஃகால் ஆனது. அது காலப்போக்கில் சாம்பல் நிறம் பாய்ந்து, ஆங்காங்கே கறையும் துருப்புள்ளிகளும் கொண்டிருக்கும். பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு, பிற்காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். பற்களை உருப்பெருக்கி வழியே நோக்கினால், கையால் அராவியவை ஒன்றுபோல் ஒன்று இரா. இயந்திரத்தில் வெட்டியவை அச்சுப் பிசகாமல் இருக்கும். பித்தளைப் பிடியின் பழுப்பேறிய நிறம் இடுக்குகளிலும் பரவியிருக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் இருந்தால், அமிலம் பூசிய செயற்கை முதுமையாக இருக்கலாம்.

அலகை மடக்கிப் பார்ப்பது இன்னொரு சோதனை. குறையாத அலகின் நுனி, பிடியின் பள்ளத்தை ஏறக்குறைய நிறைத்துவிடும். நுனிக்கும் பள்ளத்தின் முடிவுக்கும் இடையே வெற்றிடம் மிகுந்திருந்தால், சாணை பிடித்துப் பிடித்து அலகு தேய்ந்திருக்கிறது, அல்லது உடைந்த நுனி மீண்டும் தீட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அல்லது, அலகும் பிடியும் வெவ்வேறு கத்திகளிலிருந்து வந்து ஒன்று சேர்ந்திருக்கும். இறுதியாகத் திறக்கும் ஓசை. தேய்ந்த வில்லின் ஓசை மங்கும். நல்ல வில்லின் ஓசை ஒவ்வொரு பல்லுக்கும் தனித்துக் கேட்கும்.

பழைய கத்தியை மெருகேற்றிப் பளபளக்கச் செய்வது அனுபவமற்றோர் செய்யும் தவறு. துருவை மேலும் பரவாமல் தடுக்க எண்ணெய் பூசினால் போதும். மெருகேற்றினால் மேற்பரப்பில் உள்ள அராவல் தடங்களும் முத்திரையும் அழிந்து, காலத்தை அறியும் வழியே அடைபட்டுவிடும்.

சேகரிப்போரும் சட்டத்தை அறிந்திருப்பது அவசியம். நூறாண்டுகளைக் கடந்த கலை, கைவினைப் பொருள்களை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் தொல்பொருளாக வரையறுக்கிறது. அவற்றை வணிகம் செய்ய உரிமம் தேவை. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.

அரண்மனைக்கு ஒரு கணக்கு

ராம்பூரின் கடைசி நவாப் ரஸா அலி கானின் சொத்துகளை முஸ்லிம் தனிச் சட்டப்படி வாரிசுகள் அனைவருக்கும் பிரிக்க வேண்டும் என்று 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி அரண்மனை ஆயுதசாலையின் வாள்களும் துப்பாக்கிகளும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கப்பட்டன. அரண்மனையின் ஆயுதத்துக்கு நீதிமன்ற மேற்பார்வையில் பட்டியல் கிடைத்தது. கடைவீதியின் கத்திக்குக் கிடைத்ததோ காவல் நிலையப் பறிமுதல் பட்டியல்தான்.

"ஒரு மாவட்டம், ஒரு பொருள்" திட்டத்தை உத்தரப் பிரதேச அரசு 2018-ல் தொடங்கியபோது, ராம்பூருக்குத் தேர்வானது ஒட்டுத்துணித் தையல் வேலைப்பாடு. பல பெண்களுக்கு வாழ்வளிக்கும் அக்கலை ஊக்கம் பெற்றது நியாயமே. ஆனால், ஊரின் பெயரையே உலகறியச் செய்த பொருள் பட்டியலுக்கு வெளியே நின்றது. ஐந்தாண்டுகள் கழித்து அதே பொருள் நாற்சந்தியில் சின்னமானது.

ராம்பூர் கத்தி குறித்த எழுத்துப் பதிவுகள் குறைவு. வில்லைப் பதமாக்கும் சூடு எவ்வளவு, பல்லின் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியே வந்த அறிவு. அனுமதிக்கப்பட்ட குறுகிய அலகில் வருவாய் போதாமல் மகன் வேறு தொழிலுக்குச் செல்லும்போது, அந்த அறிவும் பட்டறையுடன் அடைபட்டுவிடுகிறது. அதனால்தான், சட்டத்துக்கு உள்பட்டுச் சேகரிப்போரின் குறிப்பேடுகளும் மதிப்புப் பெறுகின்றன.

கத்தி ஆயுதமாகவும் கூடும் என்பதால் கட்டுப்பாடு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது நாடெங்கும் ஒரே அளவாக இருக்கலாம். உரிமம் பெற்ற கைவினைஞருக்கும் வீதியில் கத்தி காட்டி மிரட்டுபவருக்கும் இடையே வேறுபாடு காட்டலாம். எஞ்சியுள்ள கைவினைஞர்களின் நுட்பத்தைப் பதிவு செய்வதற்கு ரூ. 52 லட்சம்கூடத் தேவைப்படாது.

நாற்சந்தியில் நிற்கும் கத்திக்குப் பல் இல்லை, வில் இல்லை, ஓசையும் இல்லை. அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் கடைவீதியில் இன்னும் சில உள்ளன. அவையும் ஓய்ந்துவிட்டால், ராம்பூரில் எஞ்சியிருக்கப் போவது அந்த 20 அடிச் சின்னம் மட்டுமே.