இடது பொட்டி பாடமாட்டேங்குது

"ஸ்டீரியோ வாங்கிட்டேன், சத்தம் வருது, பாட்டு வரலை"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு சிவகாசியில எங்க வீட்டு முன்னறையை வச்சே சொல்றேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி. சிமெண்ட் சுவர், மொசைக் தரை. ஒரு ஸ்பீக்கர் ஷோகேஸ் மேல் மூலையில், இன்னொன்று பீரோ பக்கத்தில் தரையில். அப்பாவுக்கு ஒரே புகார்: "தம்பி, இடது பொட்டி பாடமாட்டேங்குது." புதுசு வாங்கவே கிளம்பிட்டேன். சரி, முதல்ல இடத்தை மாத்திப் பார்ப்போம்னு தோணுச்சு.

ஸ்டீரியோ என்பது காதை ஏமாற்றும் வேலைதான். இரண்டு பெட்டியிலிருந்தும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வரும் குரல் நடுவில் ஆள் நின்று பாடுவது போலக் கேட்கும். நேரம் ரொம்ப முக்கியம். வானவெடியில வெளிச்சம் முதல்ல, சத்தம் பிறகுதானே வருது? ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். ஒரு பெட்டி ஒரு அடி கிட்ட இருந்தா, அதோட சத்தம் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் முந்திடும். குரல் அந்தப் பக்கம் சாய அது போதும்.

டேப் எடுத்து அளந்தேன். பெட்டிகளுக்கு நடுவில் ஆறடி, ஒவ்வொன்றிலிருந்தும் அப்பா நாற்காலிக்கு ஆறடி. ட்வீட்டர், அதாவது மேலே இருக்கிற சின்ன வட்டம், உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வரணும். மூலையில் வைத்தால் சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிவிடும், எல்லாமே 'கும் கும்'தான். அதனால் பின்சுவரிலிருந்து இரண்டடி இழுத்தேன். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருந்தாலும் பேஸ் மெலிந்துவிடும், அதையும் பாருங்க.

அடுத்து எதிரொலி. நீங்க நாற்காலியில உட்காருங்க, ஒருத்தர் பக்கச் சுவர்ல கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் தெரியுற இடத்துல கனமான திரை போடுங்க. தரைக்கு ஜமுக்காளம் போதும்.

இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்த 'ப்ரியா' (1978) போட்டேன். எனக்குக் குரல் நடுவில் நின்றது. அப்பா, "இடது பக்கம் இன்னும் கம்மிதான்" என்றார்.

பெட்டிகளையே இடம் மாற்றினேன். அப்பவும் இடதுதான். கடைசியா நாற்காலியைத் திருப்பி, சுவருக்கு முதுகு காட்ட உட்கார வச்சேன். "இப்ப அந்தப் பொட்டி பாடுது, இது பாடலை"ன்னார். குறை அவரோடவே திரும்பிடுச்சு. முப்பது வருஷம் ஆப்செட் மெஷின் பக்கத்துல நின்னவர். எனக்குத்தான் தோணலை.

டாக்டர்கிட்ட போனோம். ஆடியோகிராமில் இடது காதில் குறைவு என்று வந்தது. காது மெஷின் கொடுத்திருக்காங்க, மனசு வந்தா போடுவார். பேலன்ஸ் குமிழைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வச்சிருக்கேன். எனக்குப் பாட்டு கோணலாத்தான் கேட்குது. அவர் வெளியே போனதும் நடுவுக்குக் கொண்டுவருவேன், கேட் சத்தம் கேட்டா திரும்ப இடது.