குற்றம் யாருடையது?
முதலாம் உலகப் போரும் திருச்சபையின் சாட்சியும்

முதலாம் உலகப் போருக்குக் காரணம் யாது என வினவினால், 1914 ஜூன் 28ஆம் நாள் செராயெவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு சுட்டுக் கொல்லப்பட்டமையே என்று பலரும் விடையளிப்பர். அந்நிகழ்ச்சி போரைத் தூண்டிற்று என்பது மெய்யே. ஆயினும் காய்ந்த விறகு இல்லாத இடத்தில் விழும் பொறி தானே அணைந்துவிடும். ஐரோப்பாவிலோ விறகு நெடுங்காலமாகக் குவிந்து கிடந்தது.

அக்காரணங்களை நான்காக வகுத்துக் காணலாம். முதலாவது, கூட்டணிகள். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை 1882இல் ஓரணியாயின. பிரான்சும் ரஷ்யாவும் 1894இல் இணைந்தன. பிரிட்டன் 1904இல் பிரான்சுடனும், 1907இல் ரஷ்யாவுடனும் இணக்கம் கண்டது. இரண்டாவது, ஆயுதப் போட்டி. ஜெர்மனி 1898 முதல் பெருங்கடற்படையை உருவாக்க முற்பட்டது. பிரிட்டனோ 1906இல் டிரெட்நாட் என்னும் புதுவகைப் போர்க்கப்பலை மிதக்கவிட்டது. மூன்றாவது, எல்லை கடந்த தேசியப் பற்று. 1871இல் இழந்த நிலப்பகுதிகளைப் பிரான்சு மறக்கவில்லை. பால்கன் நாடுகளில் ஸ்லாவிய மக்களின் எழுச்சி ஆஸ்திரியாவை அச்சுறுத்தியது. நான்காவது, முன்னரே வகுக்கப்பட்ட படைத்திட்டங்கள். ரஷ்யா படைதிரட்டி முடிக்குமுன் பெல்ஜியத்தின் வழியே பிரான்சை வீழ்த்துவதே ஜெர்மனியின் திட்டம். ஆதலால் ஜூலை 30இல் ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டபின், சமரசப் பேச்சுக்குக் காலம் இல்லாமற்போயிற்று. ஆகஸ்டு 4ஆம் நாள் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துள் நுழைய, பிரிட்டனும் போரில் இறங்கிற்று.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு நாடும் தான் தற்காப்புக்காகவே வாளெடுத்ததாக நம்பிற்று. அந்நம்பிக்கைக்குப் பிரசங்கபீடம் ஆசி வழங்கிற்று. 1914 அக்டோபரில் ஜெர்மானிய அறிஞர் 93 பேர் தங்கள் நாட்டின்மேல் சாற்றப்பட்ட குற்றங்களை மறுத்து அறிக்கை வெளியிட்டனர். இறையியல் அறிஞர் ஹார்னாக், ஹெர்மன் ஆகியோரும் அதில் ஒப்பமிட்டனர். சுவிட்சர்லாந்தின் சாபென்வில் சிற்றூரில் போதகராயிருந்த கார்ல் பார்த், தம் ஆசிரியர்களின் பெயர்களை அதில் கண்டு மனம் கலங்கினார். அவர்களிடம் கற்ற இறையியலையே அவர் ஐயுறலானார். 1919இல் வெளிவந்த அவரது ரோமர் விரிவுரை அக்கலக்கத்தினூடே பிறந்தது. இங்கிலாந்தின் நிலையும் வேறன்று. இலண்டன் பேராயர் வின்னிங்டன்-இங்கிராம் தம் பிரசங்கங்களால் இளைஞரைப் படையில் சேரத் தூண்டினார்.

விளைவுகளோ கொடியன. 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர் மாண்டனர். ஜெர்மானிய, ஆஸ்திரிய, ரஷ்ய, துருக்கியப் பேரரசுகள் நான்கும் சரிந்தன. 1919 ஜூன் 28இல் கையொப்பமான வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 231ஆம் விதி, போரின் இழப்புகளுக்கெல்லாம் ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கிற்று. அதனால் எழுந்த மனக்கசப்பை ஹிட்லர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்.

நற்செய்திப் பணியும் தப்பவில்லை. 1910இல் எடின்பரோ மாநாட்டில் ஒன்றாய் அமர்ந்து, நம் அசரியாவின் உரையைக் கேட்ட நாட்டினர், நான்கே ஆண்டுகளில் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தினர். தமிழகத்தில் பணியாற்றிய லைப்சிக் சங்கத்தாரும் ஜெர்மானியர் என்பதால் வெளியேற நேர்ந்தது. அவர்தம் பணியைச் சுவீடன் நாட்டினர் தாங்கினர். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுடன் உருவாயிற்று.

எல்லோர்க்கும் பங்குண்டு என்பதால் எல்லோர் பங்கும் சமம் என்றாகாது. நடுநிலை நாடாகிய பெல்ஜியத்தை மிதித்த குற்றம் ஜெர்மனியுடையதே. எனினும் பிறர் குற்றத்தை எண்ணுவோர் தம் குற்றத்தைக் காண்பதரிது. 1914இல் குற்றமில்லை என்று அறிஞர் முழங்கிய அதே நாட்டில், 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய திருச்சபைத் தலைவர்கள், தங்கள் குற்றத்தைத் தாங்களே அறிக்கையிட்டனர். இவ்விரு அறிக்கைகளுக்கும் இடையே கழிந்தவை 31 ஆண்டுகளும் இரண்டு உலகப் போர்களும். ஆயரும் ஆயராகப் பயில்வோரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய வினா இதுவே: தன் நாடு, தன் இனம், தன் கட்சி வாளெடுக்கும் நாளில், நம் பிரசங்கபீடம் இவ்விரண்டில் எவ்வறிக்கையை வாசிக்கும்?